துண்டு வீசும் வரை

கைக்குட்டைப் பை ஷேர் ஆட்டோவிலேயே போய்விட்டது.

அது தெரிய வந்தது மேலூர் பஸ் ஸ்டாண்டில். பவதாரிணி டீச்சர் சலங்கைப் பையைத் திறந்து பார்த்தார். தலைப்பாகைப் பையைத் திறந்து பார்த்தார். மூன்றாவதாகத் திறக்கப் பை இல்லை.

"சிவப்புக் கைக்குட்டை இருந்த பை யார் கையில இருந்துச்சு?"

வில்லாபுரத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை அந்தப் பையின் மேல்தான் பாதிப் பேர் உட்கார்ந்து வந்தார்கள். உட்கார்ந்தவர்கள் இறங்கினார்கள். பை மட்டும் இறங்கவில்லை.

"கைக்குட்டை இல்லாம ஒயிலாட்டமா? பாக்குறவங்க சிரிப்பாங்க டீச்சர்" என்றாள் அஸ்வினி. ஆட்ட வரிசையில் அவள்தான் முதல் ஆள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து அவளே கவலைப்படுவாள்.

அவள் சொன்னதும் சரிதான். ஒயிலாட்டம் என்றால் வரிசையாக நின்று, காலில் சலங்கை கட்டி, தவில் அடிக்கு ஏற்றபடி கைக்குட்டையை வீசி ஆட வேண்டும். கைக்குட்டை இல்லாவிட்டால் அது பள்ளிக்கூட உடற்பயிற்சி மாதிரி ஆகிவிடும்.

கடைத்தெருவில் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு துணிக்கடைதான் ஷட்டரைத் தூக்கியிருந்தது.

"கலர் துணி இருக்காண்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

"கலர் வேணும்னா பத்து மணிக்கு வாங்க டீச்சர், மத்த கடையெல்லாம் தொறந்துரும். எங்கிட்ட வேட்டித் துணிதான்."

டீச்சர் யோசித்தார். அப்போது வரிசையின் கடைசி ஆள் வாயைத் திறந்தாள். அவள் பெயர் மதுவந்தி.

"வெள்ளையே வாங்குங்க டீச்சர். எம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தாலும் பளிச்சுனு தெரியும்."

டீச்சருக்கு அது பிடித்துவிட்டது. கடைக்காரர் கத்தரியால் நறுக்கிக் கொடுத்தார். அஸ்வினிகூட, "பரவாயில்ல, ஒனக்கும் அப்பப்ப யோசனை வருது" என்றாள்.

மதுவந்திக்குக் காதுவரை சந்தோஷம். அஸ்வினி அவளைப் பாராட்டுவது அபூர்வம். திரும்பும்போது இடது எது வலது எது என்று மதுவந்திக்குக் குழம்பிவிடும். அதனால்தான் அவளைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள்.

செவ்வூரணி, மேலூரைத் தாண்டி இருக்கும் சின்ன ஊர். அதற்குப் பெரிய கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் இடுப்பளவு நிற்கும்போது, கரையில் திருவிழா நடக்கும். மேடை போட்டுப் பாட்டும் ஆட்டமும் உண்டு. அம்மாக்களுக்குக் கோலப்போட்டி, அப்பாக்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி, வாண்டுகளுக்குக் களிமண் பொம்மைப் போட்டி. கடைசியில் மீன்பிடி. அதற்காகச் சுற்று வட்டாரத்து ஊர்களெல்லாம் திரண்டு வந்துவிடும்.

மதுவந்தியின் வீட்டிலிருந்து எல்லாருமே வந்திருந்தார்கள். அப்பா ஹரிஷங்கர், அம்மா, ஐந்து வயதுத் தம்பி சித்தார்த். "இதைவிட மலிவா ஒரு சுற்றுலா கிடைக்காது" என்று அப்பா சொல்லியிருந்தார்.

கரைமேல் ஏறியதும் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் வேகமாக அப்பாவிடம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. கழுத்துல இருக்கிற அந்தத் துண்டை மட்டும் பைக்குள்ள வச்சிருங்க."

அப்பா தன் வெள்ளைத் துண்டைப் பார்த்துக்கொண்டார். "ஏங்க, அழுக்கா இருக்கா?"

"சுத்தமா இருக்கு சார். அதான் சிக்கல்."

அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, "இந்தா வாரேன்" என்று ஓடிவிட்டார். அப்பா ஒன்றும் புரியாமல் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மேடைப் படி இறங்கும் இடத்தில் ஒரு பெரிய அண்டா இருந்தது. அது நிறைய மஞ்சள் கரைத்த தண்ணீர், மேலே வேப்பிலைக் கொத்து. மீன் பிடிக்க இறங்குகிறவர்கள் அதைத் தலையில் தெளித்துக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். சித்தார்த் ஆழம் பார்க்க விரும்பி முழங்கைவரை உள்ளே விட்டான்.

"ஐயோ, புதுச் சட்டைடா" என்று அம்மா அவன் கையை இழுத்தாள். வெள்ளைச் சட்டையின் ஒரு கை மட்டும் மாம்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. "தொட்டதும் புடிச்சிக்கிருச்சே. தொவைச்சாலும் இனிமே போகாது."

"இன்னொரு கையையும் முக்கட்டுமாம்மா? ரெண்டும் ஒரே மாதிரி ஆயிரும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கோலப்போட்டிக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். அப்பாவை ஏற்கெனவே யாரோ கயிறு இழுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். மதுவந்திதான் தம்பியைக் களிமண் போட்டிக்கு அழைத்துப்போனாள்.

போட்டி நடந்த இடம் கண்மாய்க்குள்ளேயே இருந்தது. கரைச்சரிவு முடிந்து, நடுத்தண்ணீர் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் ஈரமண் பரப்பு. அங்கே ஏற்கெனவே நிறைய வாண்டுகள் குந்தியிருந்து யானையும் பிள்ளையாரும் செய்துகொண்டிருந்தார்கள். எது யானை எது பிள்ளையார் என்பது செய்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் மீனு செய்யப் போறேன்" என்று சித்தார்த் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குப் பின்னால், சரிவு முழுக்க ஆட்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தலைகள். ஒவ்வொருவர் கையிலும் வலையோ ஊத்தாவோ இருந்தது. ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. தண்ணீருக்குள் அதை அழுத்தி வைத்து, மாட்டிக்கொண்ட மீனை மேல் வாய்வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும்.

சரிவின் கீழ்க்கோடியில் ஓர் அம்மாள் ஊத்தாவை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சேலையை வரிந்து கட்டியிருந்தார். ஓட்டப்பந்தயத்துக்குத் தயாரானவர் போல ஒரு காலை முன்னால் ஊன்றியிருந்தார்.

"எந்த ஊரு பாப்பா?"

"வில்லாபுரம். நான் ஒயிலாட்டம் ஆட வந்திருக்கேன். இவன் என் தம்பி. நீங்க ஏன் இன்னும் தண்ணிக்குள்ள எறங்கல?"

"துண்டு வீசணும்ல? அந்தா மடைகிட்ட நிக்கிறாரே மொக்கைச்சாமி அண்ணே, அவருதான் எங்க ஊருப் பெரிய மனுசன். பாட்டு நிக்கும். அவரு வெள்ளைத் துண்டை வீசுவாரு. ஒடனே அம்புட்டுப் பேரும் எறங்கிருவோம். அதுக்கு முன்னாடி ஒரு கால் உள்ள வைக்கக் கூடாது."

"அவரு சொல்றது இம்புட்டுக் கூட்டத்துக்கும் கேக்குமா?"

"சொல்லவே மாட்டாரு. இந்த ஒலிபெருக்கிச் சத்தத்துல என்னத்தைக் கேக்குறது? காது வேலையில்ல, கண்ணுதான். கரைமேல வெள்ளை ஆடுனா ஓட்டம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன தடவைக்கு முந்துன தடவை எங்க வீட்டுக்காரரு விருமாண்டி அந்த மேட்டுல நின்னு, வேர்க்குதேன்னு வெள்ளைத் துண்டை ஒதறுனாரு. பாதி ஊரு உள்ள எறங்கிருச்சு. ஒருத்தரு மேல ஒருத்தரு விழுந்து, ஒரு பையனுக்குக் கை முறிஞ்சு போச்சு. அதுல இருந்து திருவிழா அன்னைக்கு யாரும் வெள்ளைத் துண்டு போடக் கூடாதுன்னு கட்டுப்பாடு. எங்க வீட்டுக்காரருக்கும் 'துண்டு விருமாண்டி'ன்னு பேராயிப்போச்சு."

மதுவந்தி சிரித்தாள். அப்பாவின் துண்டு பைக்குள் போன காரணம் இப்போது புரிந்தது.

"அப்ப இந்தப் பிள்ளைங்க?"

"இவங்க எல்லாம் மேல ஏறுன பிறகுதான் வீசுவாரு. நீ பயப்படாத. ஒச்சாயி இருக்கேன், ஒன் தம்பியப் பாத்துக்கிறேன். ஆனா துண்டு வீசுற வரைக்கும்தான். வீசிட்டா என் கண்ணுக்கு எங்க வீட்டுக்காரரே தெரிய மாட்டாரு."

அந்த நேரம் ஒலிபெருக்கி வில்லாபுரம் மாணவ மாணவியரை மேடைக்கு அழைத்தது. மதுவந்தி சரிவில் ஓடி ஏறினாள்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் ஒவ்வொருவர் இடுப்பிலும் கைக்குட்டையைச் சொருகிவிட்டார். ஒரு துளி வெள்ளை வெளியே தெரியாதபடி மடித்துச் சொருகினார். அவர் கை வேலை செய்ய, வாய் வழக்கமான பாடத்தைச் சொன்னது.

"ரெண்டு பாட்டு வெறுங்கையோட. ரெண்டாவது முடிஞ்சதும் வரிசை திரும்பும், மதுவந்தி முன்னால வருவா. மூணாவது பாட்டு ஆரம்பிக்கும்போது கைக்குட்டைய உருவி வீசணும். கண்ணு எப்பவும் முன்னால இருக்கிறவங்க மேல. அவங்க என்ன செய்றாங்களோ அதைச் செய்யணும். ஏன் எதுக்குன்னு மேடையில கேக்கக் கூடாது."

"மதுவந்தி முன்னால வரும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அஸ்வினி.

"எனக்கும்தான்" என்றாள் மதுவந்தி.

தவில் முழங்கியது. சலங்கைகள் சேர்ந்து ஒலித்தன.

முதல் பாட்டு முழுக்க மதுவந்தி தனக்கு முன்னால் ஆடிய பாண்டியராஜனின் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இடது, வலது, குனி, திரும்பு. ஒரு தப்பும் வரவில்லை. இரண்டாவது பாட்டில் வரிசை முழுவதும் பக்கவாட்டில் திரும்பிக் கண்மாயைப் பார்த்து நின்று ஆட வேண்டும். மதுவந்தி திரும்பினாள்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் முழுவதையும் மேலிருந்து பார்த்தாள்.

சரிவு நிறைய மனிதர்கள். அத்தனை முகங்களும் கரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. எல்லாரும் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர்கள் ஆட்டத்தை ரசிக்கிறவர்களைப் போல இல்லை. ஊத்தாவைப் பிடித்த கைகள் விறைத்திருந்தன. எல்லாரும் ஒரு காலைத் தண்ணீர்ப் பக்கமாக ஊன்றியிருந்தார்கள்.

கரைமேல வெள்ளை ஆடுனா ஓட்டம்.

மதுவந்தியின் கால் தாளத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. கை தானாக இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. அங்கே வெள்ளை இருந்தது. வரிசையில் ஒவ்வொருவர் இடுப்பிலும் இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியும் என்று அவளே சொல்லி வாங்க வைத்த வெள்ளை.

கீழே, கூட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், வாண்டுகள் குனிந்தபடி மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அந்த மஞ்சள் கைச் சட்டையை இங்கிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது.



"பாண்டி," என்றாள் பல்லிடுக்கில், "மூணாவது பாட்டுல கைக்குட்டைய எடுக்காத."

பாண்டியராஜன் தலையை ஆட்டினான். பதிலுக்கு ஆட்டினானா, தாளத்துக்கு ஆட்டினானா தெரியவில்லை. தவில் சத்தத்தில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

மேடை ஓரத்தில் நின்ற டீச்சரைப் பார்த்துத் தலையை வேண்டாம் வேண்டாம் என்று அசைத்தாள். டீச்சர் இரண்டு விரலால் தன் உதடுகளை இழுத்துக் காட்டினார். சிரித்த முகமாக ஆடு என்று அர்த்தம்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டால்? வேண்டாம். பாட்டு நின்றால் துண்டு வீசப்போகிறார்கள் என்று கூட்டம் எழுந்துவிடும். அந்த நேரம் யாராவது ஒருவர் இடுப்பிலிருந்து நுனி வெளியே வந்தால் போதும். கத்தினால்? யாருக்கும் கேட்காது. கையை ஆட்டினால் இன்னும் மோசம்.

ஆட்டம் நிற்கக் கூடாது. வெள்ளையும் வெளியே வரக் கூடாது.

இரண்டாவது பாட்டு முடிந்தது. தவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வரிசை அப்படியே திரும்பியது. கடைசியில் இருந்த மதுவந்தி முன்னால் வந்தாள்.

இப்போது அவள் செய்வதைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக இடமும் வலமும் குழம்பவில்லை.

மூன்றாவது பாட்டின் முதல் அடி விழுந்தது. இடுப்புக்குப் போக வேண்டிய கைகளை மதுவந்தி தலைக்கு மேல் தூக்கிக் கொட்டினாள். அடுத்த அடிக்கும் கொட்டினாள்.

பாண்டியராஜனின் கை பாதி வழியில் தடுமாறி, பிறகு கொட்டியது. அவனுக்குப் பின்னால் இருந்தவன் கொட்டினான். அப்படியே ஒவ்வொருவராக, குழப்பத்தோடு, ஆனால் கொட்டினார்கள். மதுவந்தி மூச்சு விட்டாள்.

வரிசையின் கடைசியில் இப்போது அஸ்வினி இருந்தாள். அவள் கொட்டவில்லை.

இவள் மறந்துவிட்டாள், நானாவது சரியாக ஆடிக் காப்பாற்ற வேண்டும் என்று அஸ்வினி நினைத்தாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவினாள். அழகாக, கற்றுக்கொடுத்தபடியே, உயர்த்தி வீசினாள்.

வெயிலில் வெள்ளை பளிச்சென்று மின்னியது.

சரிவில் ஒரு சத்தம் எழுந்தது. "ஏய், துண்டுடா." "வீசிட்டாங்களா?" "எந்திரி, எந்திரி." உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஊத்தாக்கள் தலைக்கு மேல் போயின. வலது பக்கம் சில இளவட்டங்கள் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கவே தொடங்கிவிட்டார்கள்.

மடையருகே நின்ற மொக்கைச்சாமி பதறிப்போனார். "இன்னும் இல்லப்பா, இன்னும் இல்ல" என்று தொண்டை கிழியக் கத்தினார். கையைத் தூக்கித் தடுக்க நினைத்தார். ஆனால் அவர் தோளில்தானே அந்த நிஜ வெள்ளைத் துண்டு இருக்கிறது? கையைத் தூக்கினால் அதுவும் ஆடிவிடும். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை உடம்போடு ஒட்டியபடி, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

மதுவந்தி வரிசையை வளைத்தாள். தாளம் தவறாமல், ஆடியபடியே, பாம்பு தன் வாலைத் தேடுவதுபோல அஸ்வினியை நோக்கி வந்தாள். பின்னால் எல்லாரும் வளைந்து வந்தார்கள். அஸ்வினி இரண்டாவது தடவை வீசக் கையை ஓங்கியபோது, மதுவந்தி அந்தக் கையைக் கைக்குட்டையோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள்.

"விடு, ஆட்டத்தையே கெடுத்துட்ட" என்றாள் அஸ்வினி. அவள் கண்ணில் நீர் நின்றது.

"கீழ பாரு அஸ்வினி. வெள்ளையப் பாத்தா எல்லாரும் தண்ணிக்கு ஓடுவாங்க. நடுவுல சித்தார்த் இருக்கான்."

அஸ்வினி பார்த்தாள். எழுந்து நின்ற கூட்டம். குனிந்திருந்த குட்டித் தலைகள்.

அவள் முகம் மாறியது. கைக்குட்டையைக் கசக்கி இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்றது? ஆட்டத்தை நிறுத்திரவா?"

"நிறுத்தக் கூடாது. பாட்டு நின்னாலும் ஓடிருவாங்க."

இறங்கிய இளவட்டங்கள் வழியிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளையைக் காணோம். ஆனால் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் எக்கி எக்கி மேடையையே பார்த்தார்கள். இன்னொரு தடவை ஒரு நுனி தெரிந்தால் போதும், யாராலும் நிறுத்த முடியாது. கைகளைக் கொட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் ஆடுவது? பின்னால் பாண்டியராஜனின் விரல்கள் பழக்கத்தில் இடுப்பைத் தேடத் தொடங்கிவிட்டன.

மதுவந்தியின் கண் மறுபடி அந்த ஒற்றை மஞ்சள் கைக்குப் போனது.

தொட்டதும் புடிச்சிக்கிருச்சே.

"என் பின்னாலேயே வா. நான் செய்றதைச் செய்யி" என்றாள்.

"ஏன்..." என்று தொடங்கிய அஸ்வினி, டீச்சரின் பாடம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

மதுவந்தி ஆடியபடியே மேடைப் படிகளில் இறங்கினாள். சலங்கை ஜல் ஜல் என்று ஒலிக்க, வரிசை முழுவதும் பின்னால் இறங்கியது. தவில் வாசித்த அண்ணன் வாயைப் பிளந்தார். கை மட்டும் நிற்கவில்லை. பவதாரிணி டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

வரிசை அண்டாவைச் சுற்றியது. மதுவந்தி இடுப்பில் கையை விட்டு, கைக்குட்டையை உள்ளங்கைக்குள்ளேயே சுருட்டி எடுத்தாள். மூடிய கையோடு மஞ்சள் தண்ணீருக்குள் முக்கினாள். உள்ளே விரித்துப் பிசைந்தாள். தாளத்தின் அடுத்த அடியில் கையை உயர்த்தி வீசினாள்.

மஞ்சள். நல்ல மஞ்சள். கைக்குட்டையிலிருந்து தெறித்த துளிகள் வெயிலில் பறந்தன.

அஸ்வினிக்கு இப்போது புரிந்துவிட்டது. அவளும் முக்கினாள். "உள்ளேயே விரிங்க, வெளிய காட்டாதீங்க" என்று பின்னால் வந்த ஒவ்வொருவர் காதிலும் சொன்னாள். அண்டாவின் ஓரத்தில் நின்று, முக்காமல் யாரையும் அவள் கடந்து போக விடவில்லை. ஒவ்வொரு கையாக மஞ்சளாக உயர்ந்தது. பாண்டியராஜன் அவசரத்தில் வேப்பிலையையும் சேர்த்து வீசினான்.

"மஞ்சளுப்பா, மஞ்சள்" என்றது சரிவில் ஒரு குரல். "உக்காருங்கப்பா. பிள்ளைக வெளையாடுதுக." இறங்கியவர்கள் அசடு வழிய மேலே ஏறினார்கள். ஊத்தாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன.

ஆட்டம் இப்போதுதான் களை கட்டியது. மஞ்சள் தண்ணீர் தவில்காரர் மேல் விழுந்தது, கைதட்டியவர்கள் மேல் விழுந்தது, ஓடி வந்த டீச்சரின் புதுச் சேலையிலும் விழுந்தது. டீச்சர் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் அஸ்வினி ஆடிக்கொண்டே அவர் பக்கம் வந்து விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் திறந்த வாயை மூடாமலேயே கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக் இருந்த இடத்துக்கு ஓடினார்.

"களிமண் போட்டி முடிஞ்சிருச்சு. பெத்தவங்க எல்லாரும் கீழ போயி அவங்கவங்க பிள்ளையக் கூட்டிட்டு மேல வாங்க. ஒடனே வாங்க."

பெற்றவர்கள் இறங்கினார்கள். அம்மா கோலப்பொடி ஒட்டிய கையோடு ஓடினாள். அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். அதனால் அவருடைய கட்சி தோற்றது. வாண்டுகள் இடுப்பிலும் தோளிலும் ஏறிக் கரைக்கு வந்தார்கள்.

சித்தார்த் மட்டும் வர மறுத்தான். "வாலு இன்னும் வைக்கலம்மா."

"வாலை மேல போய் வச்சுக்கலாம், வாடா."

கடைசிப் பிள்ளையும் ஏறும்வரை மதுவந்தி ஆடினாள். காலில் சலங்கை உரசி எரிந்தது. பிறகு தவில்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பாட்டு நின்றது.

கண்மாய் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மொக்கைச்சாமி ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார். கக்கத்தில் இடுக்கியிருந்த துண்டை எடுத்தார். உயரே வீசினார்.

அதன்பிறகு நடந்ததை மதுவந்தி மேடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சரிவே பெயர்ந்து ஓடுவது போல இருந்தது. தரை அதிர்ந்தது. ஒச்சாயி யாரையும் பார்க்காமல் முன்னால் பறந்தார். எல்லாரும் தண்ணீரை அடைந்தபோது, வாண்டுகள் குந்தியிருந்த இடத்தில் ஒரு யானையும் இல்லை, ஒரு பிள்ளையாரும் இல்லை. மிதித்த சேறு மட்டும் இருந்தது.

அஸ்வினி பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அந்த இடத்தைத்தான் பார்த்தாள்.

"நீ சொதப்பிட்டன்னு நெனச்சேன்" என்றாள் அஸ்வினி.

"அண்டாவுல கைய விடுற வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அஸ்வினி சிரித்தாள். பிறகு குனிந்து, மதுவந்தியின் காலில் தோலை உரசிக்கொண்டிருந்த சலங்கையை அவிழ்த்துவிட்டாள்.

வெயில் ஏறும்போது கண்மாய் முழுவதும் கலங்கி, எல்லார் கையிலும் மீன் இருந்தது. மொக்கைச்சாமி மேடைக்கு வந்து டீச்சரிடம், "அடுத்த வருசம் களிமண் போட்டிய இந்தக் கரைக்கு அந்தப் பக்கம் வச்சிருவோம்" என்றார். பிறகு மதுவந்தியைப் பார்த்து, "பாப்பா, இந்த வருசம் எனக்கு உசிரு போயி உசிரு வந்துச்சு. கைதான் வரல, இன்னும் கக்கத்துலயே ஒட்டிக்கிட்டிருக்கு" என்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

ஒச்சாயி சேறு வழிய வந்தார். கையில் ஒரு பெரிய விரால் துள்ளியது.

"இந்தா புடி பாப்பா. ஒனக்குத்தான்."

அம்மா பயந்து பின்வாங்கினாள். "வேண்டாங்க, நாங்க மீன் சாப்பிட மாட்டோம்."

"அதெப்படி? இன்னைக்கு மீனை யாரும் விக்கவும் மாட்டோம், இல்லைன்னு யாரையும் வெறுங்கையோட அனுப்பவும் மாட்டோம். திருவிழாவுக்கு வந்த வீட்டுக்கு ஒரு மீனாவது போயே ஆகணும். அது ஊரு வழக்கம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா விராலைப் பார்த்தார். விரால் அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. அப்பா ஓர் அடி பின்னால் போனார்.

"நாங்க ஏற்கெனவே ஒரு மீனு வச்சிருக்கோம்" என்றான் சித்தார்த்.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். உள்ளங்கையில் களிமண் மீன் படுத்திருந்தது. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் இருந்தது. வாலும் வந்துவிட்டது, சற்றுக் கோணலாக.

ஒச்சாயி குனிந்து, சந்தையில் மீன் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கண்மாய் மண்ணுதானே? அப்ப எங்க மீனுதான். செல்லும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் சித்தார்த் தூங்கிவிட்டான். அவன் மீன் மதுவந்தியின் மடியில் இருந்தது. வழியில் உடைந்துவிடக் கூடாது என்று அதை ஈரம் காயாத மஞ்சள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். டீச்சர் முன் சீட்டில் தன் சேலையின் மஞ்சள் புள்ளிகளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, திரும்பிக் கேட்டார்.

"மது, அடுத்த தடவைக்கு என்ன கலர் வாங்கலாம்?"

மதுவந்தி பதில் சொல்வதற்குள் பஸ் முழுக்க எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"மஞ்சள்."